நிமிடத்துக்கு எவ்வளவு மஞ்சள்

வரைதாளில் பேனா நேர்கோடு போட்டுக்கொண்டே போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் ஆயிற்று. கோடு ஏறவே இல்லை. சீரம் விட மறந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். கலவை இருந்த சிறு குப்பியை, குவெட்டை, கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். பிப்பெட் நுனியில் சீரம் ஏறுவதையும் கலவைக்குள் இறங்குவதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மறுபடியும் அதே கோடு. பக்கத்தில் வைத்திருந்த, அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் சீரத்தை அதே கலவையில் விட்டேன். பேனா சட்டென்று மேலே ஏறியது. கலவையில் குறை இல்லை, கருவியிலும் குறை இல்லை. அந்த மனிதரின் ரத்தத்தில்தான் நான் தேடிய நொதி வேலை செய்யவில்லை.

1990களின் நடுப்பகுதி அது. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில், உயிர்வேதியியல் பகுதியில் இருந்தேன். இரண்டு நாளுக்கு முன் குடல்வால் அறுவைக்கு வந்தவர் அவர். தேக்கா பக்கம் சொந்தத் தொழில், பூர்வீகம் கோயம்புத்தூர், வீட்டில் தெலுங்கு. அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆனால் முடிந்த பிறகு அவருக்குத் தானாக மூச்சு வரவில்லை. கை அசையவில்லை, இமை அசையவில்லை. மூச்சுக் கருவியை எடுக்காமல், தூக்க மருந்தை நிறுத்தாமல், ஆறு மணி நேரம் மயக்க மருந்து மருத்துவர் அவர் பக்கத்திலேயே இருந்தார். விடியும்போதுதான் விரல் அசைந்தது. அந்த மருத்துவரே ரத்தக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு இறங்கி வந்தார். "ஸ்கோலின் ஆப்னியா போலத் தெரிகிறது, கொலினெஸ்டரேஸ் பாருங்கள்" என்றார்.

ஆப்னியா என்றால் மூச்சு நின்றுபோவது. ஸ்கோலின் என்பது சக்ஸமெத்தோனியம் என்ற மருந்தின் வணிகப் பெயர். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவதற்காகத் தசைகளைச் சில நிமிடங்கள் தளர்த்திவைக்கும் மருந்து. 1951இல் மயக்க மருந்துத் துறைக்குள் வந்தது. அதன் சிறப்பே அது சீக்கிரம் போய்விடும் என்பதுதான். ஐந்து, பத்து நிமிடத்தில் தசை திரும்பிவிடும். அதைப் போக வைப்பது சிறுநீரகம் அல்ல. நம் ரத்தத்தின் பிளாஸ்மாவில் ஓடிக்கொண்டிருக்கும் பியூட்டிரைல்கொலினெஸ்டரேஸ், சுருக்கமாகக் கொலினெஸ்டரேஸ், என்ற புரதம் அதை வெட்டிப்போடுகிறது. ஊசி போட்ட இடத்திலிருந்து தசையைப் போய்ச் சேருவதற்குள் மருந்தின் பெரும்பகுதி வெட்டுப்பட்டுவிடும். அந்தப் புரதம் வேலை செய்யாத உடம்பில் மருந்து முழுதாகப் போய்ச் சேரும், நெடுநேரம் தங்கும். நோயாளிக்கு நினைவு திரும்பிவிட்டால், கேட்கும், புரியும், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. அதனால்தான் தூக்க மருந்தை நிறுத்தக் கூடாது.

இந்தப் புரதத்தை நான் முதன்முதலில் அளந்தது 1984இல், வேலையில் சேர்ந்த சில மாதங்களில். அதுவரை நான் அறிந்த புரத அளவெல்லாம் எடைதான். அல்புமின் லிட்டருக்கு 40 கிராம் என்றால் 40 கிராம். கொலினெஸ்டரேஸை அப்படிப் பிடிக்க முடியாது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஏறத்தாழ 5 மில்லிகிராம்தான் இருக்கும். அல்புமினோடு வைத்துப் பார்த்தால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. எங்கள் பகுதித் தலைவி, எல்லாரும் மேடம் என்று கூப்பிடும் சீனப் பெண்மணி, மலாயும் ஆங்கிலமும் கலந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: எத்தனை இருக்கிறது என்று தேடாதே, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்.

எனக்கு அது புரிந்தது கேம்பல் லேன் பூக்கடையில். அம்மாவோடு வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகும்போது அங்கேதான் சரம் வாங்குவோம். உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து தெரியாது. ஆனால் ஒரு நிமிடம் நின்றால் எத்தனை முழம் வெளியே வருகிறது என்று தெரியும். நான்கு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் சரம் வராது. ஒரே ஒரு பாட்டி விரலோட்டமாகக் கட்டினால் வந்துகொண்டே இருக்கும். நொதியை அளப்பது சரத்தை அளப்பது.

சரம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் மஞ்சள். 1961இல் ஜார்ஜ் எல்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட முறை இது. நொதிக்கு வெட்டுவதற்கு பியூட்டிரைல்தயோகொலின் என்ற பொருளைக் கொடுக்கிறோம். வெட்டியதும் தயோகொலின் பிரியும். கலவையில் காத்திருக்கும் இன்னொரு பொருளோடு அது சேர்ந்த அந்த நொடியே மஞ்சள் நிறம் பிறக்கும். நிறம் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வேகமாக நொதி வேலை செய்கிறது. 412 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்போம்.

செய்முறையைச் சொல்கிறேன். 3 மில்லிலிட்டர் கலவையை 37 பாகையில் சூடாக்கி வைக்க வேண்டும். 10 மைக்ரோலிட்டர் சீரம், ஒரு சொட்டைவிடக் குறைவு. விட்டதும் குவெட்டின் வாயில் பாராபிலிம் வைத்து மூன்று முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கினால் குமிழி வரும், குமிழி ஒளியைச் சிதறடிக்கும். பிறகு பேனா ஏறுவதைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு 0.2 ஏறினால், எல்மனின் 13.6 என்ற எண்ணால் வகுத்து, சீரம் நீர்த்துப்போன 301 மடங்கால் பெருக்கினால், லிட்டருக்கு ஏறத்தாழ 4,400 அலகு. ஓர் அலகு என்றால் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பொருளை வெட்டும் வேலை. இந்தக் கணக்கை முதல் இரண்டு வருடம் கையால் போட்டேன். கருவியே போட்டுத் தருகிற காலம் வந்த பிறகும் வாரத்துக்கு ஒன்றாவது கையால் போட்டுப் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தை எனக்குப் பின்னால் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிவாதமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஏனென்றால் வேலையை அளக்கும்போது, வேலை நடக்கும் இடமும் அளவுக்குள் வந்துவிடுகிறது. வாட்டர் பாத் இரண்டு பாகை இறங்கினால் நொதி சோம்பிப்போகும், எண் இறங்கும். 25 பாகையில் எடுத்த எண்ணும் 37இல் எடுத்த எண்ணும் ஒன்றல்ல. பொருளை மாற்றினால் எண் மாறும். இன்றைய தானியங்கிக் கருவிகள் பலவற்றில் மஞ்சள் ஏறுவது இல்லை. தொடக்கத்திலேயே மஞ்சளாக இருக்கும் கலவை வெளுப்பதைத்தான் பார்க்கிறார்கள். அதில் இயல்பு நிலை 5,000 முதல் 13,000 வரை என்பார்கள். வேறு முறையில் எடுத்த பழைய எண்ணை அதோடு ஒப்பிட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஒருவருடைய கொலினெஸ்டரேஸ் எவ்வளவு என்று யாராவது கேட்டால், எந்த முறையில், எந்த வெப்பத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நெஞ்சில் பதிந்தது ஒரு தம்பியால்.

மருத்துவமனையை விட்டு ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு மாறியிருந்தேன். பூச்சிமருந்து அடிக்கும் ஊழியர்களின் ரத்தம் அங்கே வரும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் கொலினெஸ்டரேஸைப் பிடித்து முடக்கிவிடும். பூச்சியைக் கொல்வதும் அப்படித்தான். தமிழ்நாட்டு வயற்காடுகளில் பூச்சிமருந்தைக் குடித்தவர்கள் மூச்சுத் திணறிச் சாவதும் அப்படித்தான். சிங்கப்பூரில் இந்த மருந்துகளோடு புழங்கும் ஊழியர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று மனிதவள அமைச்சின் விதி இருக்கிறது. ஆளுக்கு ஆள் இந்த நொதியின் இயல்பு அளவு மிகவும் வேறுபடும் என்பதால், வேலையில் சேரும்போதே ஒரு அளவு எடுத்துவைத்து, பிறகு வருவதை அதோடுதான் ஒப்பிட வேண்டும். ஊரில் எல்லாருக்கும் பொதுவான கோட்டை வைத்துப் பார்த்தால் ஆபத்து தெரியாமலே போய்விடும்.

அந்தத் தம்பி புதுக்கோட்டைப் பக்கம். அவருடைய சீரம் ஒரு கிளினிக்கிலிருந்து சாதாரணக் குழாயில் வந்தது. எண், சேர்ந்தபோது எடுத்ததில் ஏறக்குறைய பாதி. இரண்டாவது முறையும் ஓட்டிப் பார்த்தேன், அதே எண். அறிக்கை போனது. அவரை மருந்து அடிக்கும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான்கு நாள் கழித்து மறுபரிசோதனைக்கு எங்கள் கவுன்டருக்கே நேராக வந்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் செய்யலக்கா. தலைசுத்தல் இல்ல, வாந்தி இல்ல, நல்லாத்தான் சாப்பிடுறேன். ஓவர்டைம் எல்லாம் போச்சு. இந்த மாசம் ஊருக்கு என்ன அனுப்புறதுன்னே தெரியல."

"கையை நீட்டுங்க தம்பி, பாத்துரலாம்" என்று நானே ரத்தம் எடுத்தேன். எண், அவருடைய பழைய அளவுக்கே வந்திருந்தது.

மற்றவர்கள் நிம்மதியாகி விட்டார்கள். எனக்குத்தான் உள்ளே உறுத்தியது. இந்த நொதி ரத்தத்தில் பாதி அழிய ஏறத்தாழ பன்னிரண்டு நாள் ஆகும். மருந்தால் முடங்கிப்போனால், ஈரல் புதிதாகச் செய்து அனுப்பித்தான் ஈடுகட்ட வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். பாதிக்கு இறங்கியது நான்கு நாளில் முழுதாக ஏறாது. அப்படியானால் முதல் எண் பொய். நான் இரண்டு முறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்த எண் பொய்.

கிளினிக்குக்குப் போன் செய்து பொறுமையாக விசாரித்ததில் விஷயம் வந்தது. அன்று சர்க்கரைக்காகச் சாம்பல் மூடிக் குழாயிலும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள். கொலினெஸ்டரேஸுக்கு எடுத்த குழாயை யாரோ கீழே போட்டு உடைத்துவிட, சாம்பல் மூடிக் குழாயில் மேலே தெளிந்து நின்றதை வேறு குழாயில் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். சாம்பல் மூடிக்குள் இருப்பது சோடியம் ஃபுளூரைடு. ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுவிடாமல் அவற்றின் நொதிகளை நிறுத்திவைப்பதற்காகப் போடுவது. அது கொலினெஸ்டரேஸையும் சேர்த்துக் கட்டிப்போடும். தம்பியின் உடம்பில் நொதி முழுதாக இருந்தது. குழாய்க்குள்தான் வேலை செய்ய விடவில்லை.

கிளினிக்கைக் குறை சொல்வதில் எனக்கு விருப்பம் இல்லை. ஊற்றி வந்த மாதிரி என்பது நிறத்திலும் அளவிலும் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும். கேட்டிருக்க வேண்டியது நான். இரண்டு முறை ஓட்டினால் கருவி சரியா என்பது தெரியும், குழாயில் இருப்பது என்ன என்பது தெரியாது. திருத்திய அறிக்கை அன்றே போனது. அவருடைய மருத்துவரிடம் நானே பேசினேன். ஒரு வாரச் சம்பளத்தில் விழுந்த துண்டை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அதன் பிறகு எங்கள் பிரிவில், எந்தக் குழாயில் எடுத்தது என்று எழுதாத கொலினெஸ்டரேஸ் மாதிரியை நான் ஏற்றுக்கொண்டதே இல்லை.

இதில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேலையைப் பார்த்து அளப்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. லிட்டில் இந்தியாவை ஒட்டியே இருக்கும், 1966இல் மட்டும் ஏறத்தாழ 40,000 பிரசவங்களைப் பார்த்த கேகே மருத்துவமனையில், ஒவ்வொரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலும் ஜி6பிடி நொதியைப் பார்க்கிறார்கள். இந்த நாட்டில் 1965இல் தொடங்கியது இந்தப் பழக்கம். இந்த நொதி சீரத்தில் இல்லை, சிவப்பணுவுக்குள் இருப்பது. ஆனால் கேள்வி ஒன்றுதான்: வேலை செய்கிறதா? குறைவு என்று தெரிந்தால் பெற்றோரிடம் சொல்லிவிடுவார்கள்: அந்துருண்டை வேண்டாம், சில மருந்துகள் வேண்டாம், மஞ்சள் காமாலையைக் கவனியுங்கள். காமாலை முற்றாமல் பிள்ளையின் மூளையைக் காப்பாற்றும் எண் அது. இந்தக் கட்டுரையைப் படிக்கும் சிங்கப்பூர்த் தாய்மார்கள் பலருக்கு, தங்கள் குழந்தையின் முதல் ரத்தப் பரிசோதனை ஒரு நொதியின் வேலையைப் பார்த்த பரிசோதனை என்பது தெரிந்திருக்காது.

அந்தக் கோயம்புத்தூர்க்காரரிடம் திரும்புகிறேன்.

கொலினெஸ்டரேஸ் குறைவாக இருந்தால் அது பிறவியா, ஈரல் நோயா, கர்ப்பமா, பூச்சிமருந்தா என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. டொராண்டோவில் வெர்னர் காலோவும் ஜெனஸ்டும் 1957இல் கண்டுபிடித்தது. டிபுகெய்ன் என்ற, உடம்பின் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்தை மிகக் கொஞ்சமாகக் கலந்து, நொதியின் வேலை எத்தனை விழுக்காடு தடைபடுகிறது என்று பார்ப்பது. சாதாரண நொதி 80 விழுக்காடு தடைபடும். பிறவியிலேயே வடிவம் மாறிய ஒரு வகை 20 விழுக்காடுதான் தடைபடும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றத்தை வாங்கியவர்களுக்கு 60. இந்த எண்ணின் அழகு, அளவு கூடினாலும் குறைந்தாலும் இது மாறாது என்பது. நொதியின் தன்மையை மட்டும் சொல்லும். அந்த வடிவம் மாறிய வகையில் புரதம் ஏறக்குறைய வழக்கமான அளவிலேயே இருக்கலாம். எடையை மட்டும் பார்க்கிறவர் எல்லாம் சரி என்று எழுதி அனுப்பிவிடுவார்.

அந்தச் சோதனைக்குப் பென்சாயில்கொலின் என்ற பொருள், 240 நானோமீட்டர் ஒளி. கண்ணாடிக் குவெட் அந்த ஒளியை விடாது, குவார்ட்ஸ் வேண்டும். எங்களிடம் இரண்டே குவார்ட்ஸ் குவெட்கள் இருந்தன. மேடம் அவற்றை வெல்வெட் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார். அன்று அவரே எடுத்துத் தந்தார். ஆனால் வேலையே இல்லாத நொதியில் எத்தனை விழுக்காடு தடைபட்டது என்று எப்படிக் கணக்குப் போடுவது? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அறிக்கையில் அந்தக் கட்டத்தில் "கணக்கிட இயலவில்லை" என்று எழுதினேன். என் வேலைக் காலத்தில் அப்படி எழுதியது மிகச் சில முறைதான். இப்படி ஒன்றுமே இல்லாத வகைக்கு மௌன வகை என்று பெயர். ஐரோப்பியரிடம் ஒரு லட்சத்தில் ஒருவருக்கு என்று புத்தகம் சொன்னது.

மயக்க மருந்து மருத்துவர் அதோடு விடவில்லை. இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் குறை. உடன்பிறந்தவர்களுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. குடும்பத்தைக் கூப்பிட்டு விளக்கினார். இரண்டு தம்பிகளும் ஒரு தங்கையும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். ஒரு தம்பிக்கு முழு அளவு, இன்னொருவருக்குப் பாதி. தங்கைக்குக் கோடு அசையவில்லை. அவருக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடந்ததில்லை என்றார். "எனக்கு என்ன வியாதிம்மா?" என்று என்னிடம் கேட்டார். வியாதி ஒன்றும் இல்லை, ஒரே ஒரு மருந்து மட்டும் உங்களுக்கு ஆகாது என்று சொன்னேன். நம்பாமல் பார்த்தார். ரத்தத்தில் ஒரு பொருள் அடியோடு இல்லை, ஆனாலும் ஆரோக்கியம் என்பது யாருக்கும் எளிதில் மனசில் இறங்காது.

கோயம்புத்தூரிலிருந்து வந்த அந்தத் தெலுங்குக் குடும்பத்துக்கு இது ஏன் வந்தது என்ற விளக்கம் முழுதாகக் கிடைக்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஆந்திரத்து வைசியரிடம் இந்த மௌன வகை மிக அதிகம் என்று 1979லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அது எங்கள் கைக்கு வரவில்லை. 2006இல் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பூபதியும் அவருடைய குழுவும், அமெரிக்காவின் ஒக்சானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையை ஒரு நோயியல் மருத்துவர் அச்செடுத்து என் மேசையில் வைத்தார். கோயம்புத்தூரில் வைசிய சமூகத்தவர் 226 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில் 9 பேருக்கு நொதியின் வேலை இல்லை. ஒரு லட்சத்தில் ஒருவர் என்று நான் படித்தது அங்கே இருபத்தைந்தில் ஒருவர். நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஒரு மாற்றத்தில் புரதம் நிலைகொள்வதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சமூகத்துக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்ததால் ஒரு பழைய மாற்றம் பெருகி நிற்கிறது. இதில் யாரும் தலைகுனிய ஒன்றும் இல்லை. இப்படித் தனித்து நின்ற சமூகங்கள் நம் பகுதியில் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் இப்படி ஏதாவது ஒரு தனி மாற்றம் இருக்கலாம் என்று ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு நிலையத்தின் தங்கராஜும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017இல் எழுதினார்கள். நொதி இல்லாத அந்த மனிதர்களின் உடல்நலம் நன்றாகவே இருந்தது என்று 2007இல் பூபதி குழு எழுதியதையும் படித்தேன். அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதில் சரிதான் என்று அன்றுதான் எனக்கே முழுத் தைரியம் வந்தது.

இப்போது மயக்க மருந்து மருத்துவர்களிடம் வேறு வழிகள் இருக்கின்றன. ரோகுரோனியம் போன்ற தசை தளர்த்திகள் இந்த நொதியை நம்பி இல்லை. அவற்றை உடனே முறிக்கும் மருந்தும் வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்தில், நடு இரவில், சக்ஸமெத்தோனியம் இன்னும் பல இடங்களில் கைக்கு எட்டுகிற மருந்துதான். 

அதனால் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அறுவைக்குப் பிறகு நெடுநேரம் மூச்சு திரும்பாமல் மூச்சுக் கருவியில் இருந்தார்கள் என்று பேச்சுவாக்கிலாவது கேட்டிருந்தால், அதை மறந்துவிடாதீர்கள். அப்பா, சித்தப்பா, அத்தை, யாராக இருந்தாலும் சரி. அடுத்த அறுவைக்கு முன் மயக்க மருந்து மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். கொலினெஸ்டரேஸ் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். குறைவு என்று எழுதித் தந்தால் அந்தச் சீட்டைப் பணப்பையில் வையுங்கள். உடன்பிறந்தவர்களையும் கூட்டிப்போய்ப் பாருங்கள். ரத்தம் எடுக்கும்போது சாம்பல் மூடிக் குழாயில் எடுக்க வேண்டாம் என்று சொல்லவும் தயங்காதீர்கள்.